கை அசையும் முன்னால் மூளை செய்வது: உங்கள் தொழிலில் கண்டதைப் பகிருங்கள்

குழித்துறை பிசியோ

பக்கவாதத்துக்குப் பிறகு எழுந்து நிற்கப் பழகினவங்க, அலமாரி மேல் தட்டுல இருக்கிற டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கும்போது சாய்வாங்க. கையில பெலம் இல்லைன்னு வீட்டுக்காரங்க நினைப்பாங்க. பெரும்பாலும் கோளாறு காலில இருக்கும், அதுவும் கை அசையறதுக்கு முன்னாலயே நடந்து முடிஞ்சிருக்கும். அதைப் பேசத்தான் இந்த இழை. உங்க தொழில்ல திரும்பத் திரும்பக் கண்ணுல படறது என்ன, ஏன் அப்படி நடக்குது, என்ன செய்தா சரியாகுது, இவ்வளவும் எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம்.

நான் தொடங்கறேன். நின்னுக்கிட்டிருக்கிறவர் கையை வேகமா முன்னால தூக்கினா, தோள் தசை வேலையைத் தொடங்கறதுக்குச் சுமார் 50 மில்லிநொடி முந்தியே தொடையின் பின்தசை இறுகிடும். கெண்டைக்கால் தசையில ஒண்ணு தளர்ந்து கொடுக்கும். கையோட வேகம் உடம்பை ஆட்டும்னு மூளைக்கு முன்கூட்டியே தெரியும், அதுக்கான முட்டு இது. 1967-ல் பெலென்கி, குர்ஃபின்கெல், பால்ட்செவ் என்ற மூணு சோவியத் ஆய்வாளர்கள் இதை அளந்து எழுதினாங்க. ஆட்டம் வந்தபிறகு சமாளிக்கறது வேற வேலை. வருமுன்ன முட்டுக் கொடுக்கறதுதான் பக்கவாதத்துல பிந்திப்போகுது, சிலருக்கு வரவே வராது.

பார்க்கும் முறை: செருப்பில்லாம, கால் ரெண்டும் இடுப்பு அகலத்துக்கு. நீங்க பலவீனமான பக்கத்துல, அரை அடி பின்னால நிக்கணும். முழங்காலுக்கு மேல, பின்தொடையில ரெண்டு விரலை வைங்க. “டக்குன்னு கையைத் தூக்குங்க” என்று சொல்லுங்க. மெதுவா தூக்கினா ஒண்ணும் தெரியாது, மெதுவான கைக்கு முன்முட்டு தேவையே இல்லை. நல்ல காலில், கை கண்ணுக்குத் தெரிய நகர்றப்பவே தசை இறுகியிருக்கும். பாதிச்ச காலில், கை பாதி தூரம் போனபிறகுதான் விரலுக்குத் தட்டும். விரல் 50 மில்லிநொடியை அளக்காது, இதை வச்சு அறிக்கை எழுதாதீங்க. எங்க வேலை செய்யணும்னு காட்ட இது போதும்.

இனி, அடிக்கடி நடக்கிற தப்பு. விழுந்துடக்கூடாதேன்னு சுவரில் சாய்ச்சு வச்சு நூறு தடவை கையைத் தூக்க வைக்கறாங்க. சாஞ்சிருக்கிற உடம்புக்கு முட்டு வேண்டாம்னு மூளை அதை நிறுத்திடும். தோளுக்கு நல்லது, நிலைக்கு உபயோகமில்லை. முதல்ல நாற்காலி முதுகை ஒரு கை பிடிக்கட்டும், அப்புறம் விரல் நுனி மட்டும் தொடட்டும், அப்புறம் கையை எடுத்துடலாம். கூட ஒரு ஆள் எப்பவும் இருக்கணும். கையில அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலம் கொடுத்தா முட்டின் தேவை கூடும்.

இன்னொண்ணு, “நான் சொல்லும்போது” என்கிறதும் “உங்களுக்குத் தோணும்போது” என்கிறதும் மூளைக்கு ஒரே வேலை இல்லை. தானா தொடங்கற அசைவில் மண்டையின் நடுக்கோட்டை ஒட்டியிருக்கிற துணை இயக்கப் பகுதிக்குப் பங்கு அதிகம். வெளியிலிருந்து வர்ற சைகைக்கு அசையும்போது அதுக்குப் பக்கவாட்டில் இருக்கிற முன்னியக்கப் பகுதிக்கு. பொருள் எங்க இருக்கு, என் கை எங்க இருக்கு என்கிற கணக்கு உச்சிமூளையின் பின்பக்கம் நடக்கும். அடிமூளை முடிச்சுகள் எந்த அசைவை விடுவிக்கணும், எதைப் பிடிச்சு வைக்கணும்னு பார்க்கும். நேரமும் முன்கணிப்பும் சிறுமூளையோட பொறுப்பு. கடைசியாத்தான் முதன்மை இயக்கப் புறணி கட்டளையை இறக்கும், அது கைத் தசைக்கு வந்து சேர சுமார் 20 மில்லிநொடி போதும். ஓட்டம் சின்னது, ஆயத்தம்தான் நீளம். அதனால ரெண்டு விதமாவும் பழக்கணும். கட்டளைக்கு மட்டும் பழகினவர் வீட்டுக்குப் போனா கட்டளை போட ஆள் இருக்காது.

பால்வெட்டு மாஸ்டர், குலசேகரம்

அக்கா சொன்னதை அப்படியே ரப்பர் மரத்துல காட்டலாம்.

ஒட்டுமரத்துக்கு வெட்டுச் சரிவு 30 பாகை, இடது மேலிருந்து வலது கீழ். பட்டையில வெட்டணும், ஆனா கேம்பியத்துல (பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவுல இருக்கிற வளர்ற அடுக்கு) கத்தி படக்கூடாது, சுமாரா 1 மில்லிமீட்டர் பட்டை மிச்சம் நிக்கணும். அதுக்கு மேல மிச்சம் விட்டா பால் குறையும். ஆழமா போனா காயம், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமா வரும், அடுத்த சுற்றுல அந்த இடத்துல ஒழுங்கா வெட்ட முடியாது.

புதுசா வாற பிள்ளைய எல்லாம் கண்ணைக் கத்தி நுனியில வச்சிருப்பாங்க. கத்தி ஆழமா போனதைக் கண்ணு பாத்து, கைக்குச் சொல்லி, கை திருந்துறதுக்கு 100 மில்லிநொடிக்கு மேல ஆவும், சில சமயம் 200. ஒரு சின்ன இழுப்பு அதுக்குள்ள முடிஞ்சிரும். அதனால நடுவுல திருத்தலாம்னு நினைக்கிறதே வீண். இழுப்பு தொடங்கும்போதே ஆழமும் சரிவும் தீர்மானமா இருக்கணும். கண்ணு கத்திக்கு முன்னால ரெண்டு விரக்கடை தூரத்துல, இனி வெட்டப்போற பட்டையில நிக்கணும். விடியுமுன்ன தலைவிளக்கு போட்டு வெட்டுறவங்க விளக்கைக் கத்தியில அடிச்சா கண்ணும் அங்கயே போவும், கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி அடிக்கணும்.

காயம் அதிகமா விழுற இடம் மூணு. முதல்ல, கத்தி தீட்டினதும் வர்ற மரங்கள். மழுங்கின கத்திக்குப் பழகின கை அதே அழுத்தத்தைத் தீட்டின கத்திக்கும் கொடுத்துரும். மூளை போன மரத்துல பட்ட எதிர்ப்பை வச்சுத்தான் இந்த மரத்துக்குக் கணக்குப் போடும். தீட்டினதும் ரெண்டு மூணு இழுப்பு மெல்லிசா எடுத்துப் பாத்துட்டு அப்புறம் வழக்கமான அழுத்தத்துக்கு வரணும். ரெண்டாவது, பழைய முடிச்சு. அங்க பட்டை கடினம்னு கண்டதும் பிடி இறுகும். முடிச்சு தாண்டின உடனே பட்டை மெது, கை இன்னும் இறுக்கத்துலயே இருக்கும், கத்தி உள்ள போயிரும். முடிச்சுக்கு முன்னால இழுப்பை நிறுத்தி, முடிச்சைத் தனியா, அதுக்கு அப்புறம் வேற இழுப்பாத் தொடங்கணும். மூணாவது, வெட்டின் கடைசி. கால் வைக்கிற இடம் தப்பினா வெட்டு முடியும்போது மணிக்கட்டு வளைஞ்சு நிக்கும், கத்தி திரும்பும்.

இந்தக் கடைசி விசயத்துக்குத்தான் பயிற்சியில நிறைய நேரம் போகணும்னு நான் சொல்லுவேன். வெட்டு தொடங்குறப்ப வசதியா நிக்கிறதைப் பாக்காதீங்க, முடியுற இடத்துல கத்தி கையில நேரா இருக்கிற மாதிரி முதல் காலை வைக்கணும். தொடக்கத்துல கொஞ்சம் கோணலா நின்னாலும் பரவாயில்ல. வெட்டிப்போட்ட மரத்துண்டை நட்டு வச்சுப் பழக்கும்போது, கத்தி இல்லாம வெறுங்கையால ஒரு தடவை நடக்க விடுங்க. கடைசியில கை எங்க வந்து நிக்குதுன்னு பாத்து, அதுக்கு ஏத்தாப்ல காலை மாத்தி வச்சு, அப்புறம் கத்தியைக் கொடுங்க. ஒரு ஆளு ஒரு காலையில முந்நூறு நானூறு மரம் வெட்டுவான். ஒவ்வொண்ணுலயும் மணிக்கட்டு முறுகினா என்னாவும்னு பாத்துக்கிடுங்க.

களியக்காவிளை தெரபிஸ்ட் (தொழில்வழிச் சிகிச்சை)

மாஸ்டர் அண்ணன் சொன்ன கால் விசயம் ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறது. 1990-ல் டேவிட் ரோசன்பாம் குழு எழுதியது: கவிழ்த்து வைத்த தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைக்கச் சொன்னால் பெரியவர்கள் பெருவிரல் கீழே இருக்கும்படி அசௌகரியமாகப் பிடிப்பார்கள், ஏனென்றால் நிமிர்ந்தபிறகு கை வசதியாக இருக்கும். பிடிக்கும் முன்பே முடிவைத் திட்டமிட்டாயிற்று என்பதற்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. சமையலறைத் தட்டில் எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்துத்தானே வைக்கிறோம்? அதையே சோதனையாக வைக்கலாம். தம்ளரைக் கவிழ்த்து மேசையில் வையுங்கள், “நிமிர்த்தி வைத்து, இந்தச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள், காட்டவும் கூடாது. பெருவிரல் மேலே இருக்கும்படி பிடித்துவிட்டு, பாதியில் கை முறுகி, இன்னொரு கையால் மாற்றிப் பிடித்தால் திட்டமிடலில் சிக்கல் என்று குறித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் இதே தவறு இயல்பு, அவர்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அப்ராக்ஸியா பற்றி, அதாவது கையில் பலம் இருந்தும் தெரிந்த அசைவைச் சொன்னபடி செய்ய வராத நிலை. இடதுமூளையில் பக்கவாதம் வந்த சிலருக்குக் கையில் பலம் இருக்கும், உணர்ச்சி இருக்கும், சொல்வதும் புரியும். ஆனால் “தலை சீவுவது போலச் செய்து காட்டுங்கள்” என்றால் சீப்பை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாதவர் போல விழிப்பார். அதே ஆள் காலையில் கண்ணாடி முன் சீப்பு கையில் கிடைத்தால் தானாகச் சீவிவிடுவார். இதனால்தான் வீட்டில் “வேணும்னே பண்றாரு” என்று சண்டை வருகிறது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஹூகோ லீப்மான் என்ற ஜெர்மன் மருத்துவர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இதைப் பிரித்துக் காட்டி, இடது அரைக்கோளத்தோடு தொடர்புபடுத்தினார். சொல்லிலிருந்து அசைவுத் திட்டத்துக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது. பொருள், இடம், நேரம் ஆகியவற்றிலிருந்து போகும் வழி ஓரளவு திறந்திருக்கிறது.

ஆகவே திறந்த வழியில் போங்கள். நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள், உண்மைப் பொருளைக் கொடுங்கள். பல் துலக்குவது குளியலறையில், காலையில், துலக்கும் வேளையிலேயே நடக்கட்டும். படுக்கையில் உட்காரவைத்து மாலையில் பழக்கினால் பாதி உதவி போய்விடும். பிரஷ் தவிர சவரக் கத்தி, சீப்பு, சோப்பு எல்லாவற்றையும் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிரஷால் தலை சீவப்போவது குறும்பல்ல, பக்கத்தில் சீப்பு இருந்ததால் திட்டம் கலந்துவிட்டது. பேஸ்டை நீங்களே தடவி வையுங்கள், பிறகு அவர் கைமேல் உங்கள் கையை வைத்து முதல் இரண்டு இழுப்பைத் தொடங்கிவிட்டு, முழங்கைப் பக்கம் மெல்ல நகருங்கள், பிறகு விட்டுவிடுங்கள். வாயால் விளக்கம் வேண்டாம், அதிகம் போனால் ஒரு சொல். தவறான அசைவு தொடங்கினால் முடியவிடாதீர்கள், உடனே நிறுத்தி, கையை மடியில் வைத்து, மறுபடி தொடக்கத்திலிருந்து. தவறை முழுமையாகச் செய்யவிட்டுத் திருத்தினால் அந்தத் தவறே பழக்கமாகும்.

பிடியின் அழுத்தமும் முன்கணக்குதான். யோஹான்சன், வெஸ்ட்லிங் 1984-ல் அளந்தார்கள். பொருளைத் தூக்கும்போது பிடிவிசையும் தூக்குவிசையும் சேர்ந்தே ஏறுகின்றன, நழுவாமல் இருக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கை பிடிக்கிறது. மேற்பரப்பு வழுக்கினால் பிடிவிசையும் ஏறும். பக்கவாதத்துக்குப் பின் பலர் இந்தக் கணக்கு கைக்கு வராமல் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பார்கள். காகித டம்ளர் நசுங்கும், மணிக்கட்டு வலிக்கும். ஒரே மாதிரித் தோற்றமுள்ள மூன்று பாட்டிலில் கால், அரை, முழு அளவு தண்ணீர் ஊற்றி, எது எது என்று முதலில் பார்க்கவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் துணி சுற்றி மறைத்து. பார்த்துத் தூக்கும்போது கணக்கு சரியாகி, மறைத்தபோது முதல் தூக்கலில் மட்டும் தப்பினால் நல்ல அறிகுறி. பத்தாவது தூக்கலிலும் தப்பினால் விரல் உணர்ச்சியைச் சோதிக்கவும்.

நாகர்கோவில் ஸ்டார்ட்டர்

தடகளத்துல இதெல்லாம் கடிகாரத்துல தெரியும். துப்பாக்கி வெடிச்சு 100 மில்லிநொடிக்குள்ள கால் அழுத்தினா தவறான தொடக்கம். சத்தம் கேட்டுத்தான் கிளம்பினானா, ஊகிச்சுக் கிளம்பினானான்னு பிரிக்க வச்ச கோடு அது.

‘செட்’ சொல்லி வெடி வைக்கிற இடைவெளிதான் பயிற்சியில பாழாகுது. ரொம்பச் சீக்கிரம் வெடிச்சா ஆயத்தம் முழுசா ஏறியிருக்காது. மூணு நாலு நொடி இழுத்தா ஏறின ஆயத்தம் வடியும், தொடை நடுங்கும். ஒன்றரைலிருந்து ரெண்டு நொடி நல்லது. ஆனா எப்பவும் ஒரே அளவு வச்சா பிள்ளைங்க சத்தத்துக்குக் காத்திருக்க மாட்டாங்க, எண்ணி ஓடுவாங்க. மாத்தி மாத்தி வைக்கணும்.

தொடங்கும்போது தலையில ஒரு விசயம்தான் இருக்கணும். தெரிவுகள் கூடக் கூட எதிர்வினை நேரம் ஏறும்னு 1952-ல் ஹிக் காட்டினார். 1960-ல் ஹென்றியும் ரோஜர்ஸும் இன்னொண்ணு காட்டினாங்க, ஒரே சைகைதான், ஆனா செய்யவேண்டிய அசைவு சிக்கலானா தொடக்கமே பிந்தும். ‘முழங்கால் உயரம், கை வீச்சு, தலை கீழே’ன்னு மூணு கட்டளை கொடுத்து அனுப்பற பயிற்சியாளர்கள் இதைக் கவனிக்கணும்.

போன்ல எதிர்வினை நேரம் அளக்கறவங்களுக்கு: புளூடூத் ஸ்பீக்கர்ல ‘வெடி’ விட்டா 100, 200 மில்லிநொடி பிந்தலாம், அந்த அளவு குப்பை. கம்பி இணைப்பு போடுங்க. ஒலி ஒரு மீட்டர் போக 3 மில்லிநொடி எடுக்கும், பத்து மீட்டர் தள்ளி நின்னா 30 போச்சு. சாதா வீடியோவுல நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்), ஒரு சட்டம் 33 மில்லிநொடி. 240 சட்டம் எடுக்கிற மெதுவோட்ட வீடியோன்னா 4 சொச்சம், அது போதும்.

பெரிய சத்தம் தனிக் கதை. ஏற்கனவே ஆயத்தமா இருக்கிற ஆளுக்குத் திடீர்னு திடுக்கிடற சத்தம் கொடுத்தா, தயார் பண்ணி வச்ச அதே அசைவு 100 மில்லிநொடிக்கும் குறைவா வெளியே வந்துடும். 1999-ல் வால்ஸ்-சோலே குழு காட்டினது. அதனால துப்பாக்கிக்குப் பக்கத்துப் பாதை ஓட்டக்காரனுக்குச் சத்தம் பெருசா கேட்டா அவனுக்கு ஆதாயம். பெரிய போட்டிகள்ல ஒவ்வொருத்தர் பின்னாலயும் ஸ்பீக்கர் வைக்கறாங்க. ஊர்ப் போட்டியில அது நடக்காது, அதனால ஸ்டார்ட்டர் எல்லாப் பாதைக்கும் ஏறக்குறைய ஒரே தூரம் வர்ற மாதிரி பின்னால தள்ளி நிக்கணும்.

பாறசாலை மாணவன்

ஒரு சந்தேகம். நாம நினைக்கிறதுக்கு முன்னாடியே மூளை முடிவெடுத்துடுதுன்னு வீடியோவுல சொல்றாங்களே, சாரே, சரியா?

தக்கலை இ.இ.ஜி. டெக்னீஷியன்

பாதி சரி, பாதி அவசரம்.

1964-ல் ஃப்ரைபர்க்கில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் விரலைத் தானாக அசைக்கிறவர்களின் மூளை மின்னலையைப் பதிவு செய்து (இதுதான் இ.இ.ஜி.) பார்த்தார்கள், கட்டுரை 1965-ல் வந்தது. அசைவுக்கு ஒரு நொடிக்கும் மேல் முன்பிருந்தே உச்சந்தலையில் எதிர்மின் பக்கமாக மெல்ல ஏறும் ஓர் அலை இருந்தது. அதற்குப் பெயர் ஆயத்த மின்னழுத்தம். 1983-ல் பெஞ்சமின் லிபெட், அசைக்கத் தோன்றிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லச் சொன்னார். அது அசைவுக்குச் சுமார் 200 மில்லிநொடி முன்பு, அலையோ சுமார் 550 மில்லிநொடி முன்பு. வீடியோக்காரர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். 2012-ல் ஷுர்கர் குழு வேறு விளக்கம் கொடுத்தது: மூளையின் செயல்பாடு எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, அது ஒரு வரம்பைத் தொடும்போது அசைவு வருகிறது. அசைவு நடந்த நொடியிலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தால், வரம்பை நோக்கி ஏறிய பகுதிகள் மட்டும் சேர்ந்து, திட்டமிட்ட ஏற்றம் போலத் தெரியும். எனக்கு இந்த விளக்கம்தான் நியாயமாகப் படுகிறது, ஆனால் விவாதம் முடியவில்லை.

இந்த அலையை எடுக்க முயல்கிறவர்களுக்குச் சில குறிப்பு. ஒரே ஒரு அசைவில் இது தெரியாது, அன்றாட இ.இ.ஜி.யில் தேடவே வேண்டாம். சில மைக்ரோவோல்ட்தான், பின்னணி அதைவிடப் பெரிது. குறைந்தது நாற்பது ஐம்பது அசைவுகளையாவது சராசரி எடுக்கணும். உச்சந்தலை நடு மின்முனை முக்கியம். நேரத்தின் பூஜ்யம் பொத்தான் அழுத்தினதிலிருந்து வரக்கூடாது, முன்கைத் தசை மின்பதிவின் முதல் துடிப்பிலிருந்து வரணும். பொத்தான் எப்பவும் பிந்தித்தான் அழுந்தும். மெதுவான அலையை வெட்டும் வடிகட்டியை வழக்கம்போல 0.5 அல்லது 1 ஹெர்ட்ஸில் வைத்தால் அலையே காணாமல் போகும், 0.05-க்கோ அதற்கும் கீழேயோ இறக்கணும். அப்படி இறக்கினால் வியர்வையும் பதிவில் தெரியும். நம்மூர் மே மாசத்தில் மின்விசிறி மட்டும் போதாது, அறை குளிர்ந்திருக்கணும். அசைவுகளுக்கு நடுவே சில நொடி இடைவெளி விடச் சொல்லணும், ஆனால் எண்ணச் சொல்லக்கூடாது. அசைக்கும்போதே கண் சிமிட்டுகிறவரின் பதிவில் வருவது பெரும்பாலும் கண்தான், மூளை அல்ல.

அடிமுறை களரி, திருவட்டாறு

பிசியோ மேடம் சொன்ன முன்முட்டைத்தான் எங்க களரியில் எதிராளியிடம் பார்க்கச் சொல்கிறோம். கை வருவதற்கு முன்னால இடுப்பும் நிற்கிற காலும் கனம் மாறும். கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் பிந்துவான். பார்வை நெஞ்சு மட்டத்தில் நிற்கட்டும், இடுப்பும் தோளும் ஓரக்கண்ணில் விழும்.

தன் அசைவைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது இதன் மறுபக்கம். புதுசா வர்றவன் வலதுகால் உதைக்கு முன்னால இடதுகாலுக்குக் கனத்தை மாற்றுவான், அந்த மாற்றம் எதிராளிக்குப் போதும். கனமாற்றத்தை ஒழிக்க முடியாது. முந்தின சுவடு (காலடி வரிசை) முடியும்போதே கனம் இடதுகாலில் வந்து சேரும்படி வரிசையை அமைக்கணும். சுவடுகள் ஒன்றோடொன்று கோர்த்துச் சொல்லிக் கொடுக்கப்படுவதற்கு இதுதான் காரணம்னு என் கணிப்பு. பொய்யடியும் இப்படித்தான் வேலை செய்யுது. உடம்பு உண்மையாகவே ஆயத்தம் காட்டணும், கை மட்டும் வரக்கூடாது. தோளை மட்டும் குலுக்கினால் பழகினவன் ஏமாற மாட்டான். ஏமாந்தவன் தடுப்பைத் தொடங்கியபிறகு நிறுத்தவும் பிந்துவான், நிறுத்தறதுக்கே 200 மில்லிநொடி போல ஆகும்னு ஸ்டார்ட்டர் சார் போன்றவங்க சொல்வாங்க.

ஒரு வேண்டுகோள். “முழங்கையை நீட்டு, மணிக்கட்டை மடக்காதே” என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லும் பழக்கம் சிகிச்சை அறைகளிலும் இருக்கு. “கம்பின் நுனியால அந்தத் தூணைத் தொடு” என்றால் முழங்கை தானாக நீளும்.

குழித்துறை பிசியோ

ஆசான் சொன்னது சரி. கவனத்தை உடம்புக்குள்ள வைக்காம, அசைவு போய்ச் சேர வேண்டிய இடத்துல வச்சா அசைவு சீராகும்னு கேப்ரியேல் வுல்ஃப் 1998-லிருந்து நிறைய அளந்திருக்காங்க. ஆனா முழுசா ஒத்துக்க மாட்டேன். ஒரு மூட்டைத் தனியா அசைக்கவே வராத ஆரம்ப நாட்கள்ல, தூணைத் தொடுன்னா தோளைத் தூக்கி, உடம்பைச் சாய்ச்சு, எப்படியோ தொட்டுடுவாங்க. அந்தக் குறுக்குவழி ஒட்டிக்கும். அந்தக் கட்டத்துல தோளைக் கையால அமுக்கிப் பிடிச்சுட்டு, தொட வேண்டிய பொருளை ரொம்பப் பக்கத்துல வைக்கணும்.

செங்கோட்டை சிஸ்டர் (வீட்டுப் பராமரிப்பு)

பார்கின்சன் நோயாளிகளைப் பற்றி யாரும் எழுதலையே. பிசியோ மேடம் சொன்ன ‘தானா தொடங்கற’ வழிதான் இவங்களுக்கு முதல்ல நலியும். வெளிச் சைகைக்கு அசையற வழி ரொம்ப நாள் நிக்கும். நடு ஹாலில் நல்லா நடந்து வர்றவர் நிலைப்படியில் வந்ததும் பசை போட்ட மாதிரி நிப்பார். மனசு போகச் சொல்லுது, கால் எழும்பாது.

நம்ம வீடுகள்ல நிலைப்படி உயரம், அதுக்கு முன்னால கால்மிதி, செருப்புக் குவியல். அந்த இடத்துல மூணு வேலை ஒண்ணா வருது, செருப்பைக் கழற்றணும், கால் உயர்த்தணும், திசை மாறணும். மூணையும் பிரிச்சு விடுங்க. செருப்பைக் கழற்ற வாசலுக்கு ரெண்டு மூணு அடி முன்னாலயே கைப்பிடியுள்ள நாற்காலி போடுங்க. கால்மிதியை எடுத்துடுங்க.

தரையில் பட்டை ஒட்டலாம். தரை சிவப்புச் சிமெண்டுன்னா வெள்ளை டேப், வெள்ளை டைல்ஸுன்னா அடர் நிறம். நடக்கிற திசைக்குக் குறுக்கா ஒட்டணும், நெடுக்கா ஒட்டினா பிரயோஜனமில்லை. இடைவெளி அவர் நல்லா நடக்கிற நேரத்துல எடுத்து வைக்கிற அடியின் நீளம், பெரும்பாலும் 40-லிருந்து 50 சென்டிமீட்டர். நிலைப்படிக்கு முன்னால நாலஞ்சு, தாண்டி ரெண்டு. தாண்டினபிறகு பட்டை இல்லைன்னா படிமேலேயே நிப்பாங்க. ஓரம் தூக்கின டேப் தடுக்கும், வாரம் ஒருமுறை பாருங்க.

மெட்ரோனோம் ஆப் உதவும். முதல்ல அவர் இயல்பா நடக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடின்னு எண்ணி, அதே வேகத்துல வைங்க. வேகமா வச்சா அடி குட்டையாகி முன்னால விழுவாங்க.

உறைஞ்சு நிக்கும்போது கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. மேல் உடம்பு முன்னால வரும், கால் அங்கேயே நிக்கும், விழுகிறது அப்படித்தான். செய்ய வேண்டியது: அசையறதை நிறுத்தச் சொல்லுங்க, நிமிர்ந்து நிக்கச் சொல்லுங்க, எடையை இடம் வலமா ஆட்டச் சொல்லுங்க, அப்புறம் ஒரு பெரிய அடி. உங்க காலை அவர் காலுக்கு முன்னால குறுக்கா வச்சு, “இதைத் தாண்டுங்க”ன்னாலும் பலருக்குக் கால் எழும்பும், ஆனா தாண்டினதும் உங்க காலை உடனே எடுத்துடணும். திரும்பும்போது நின்ன இடத்துல சுழலாம, அகலமா வளைஞ்சு வரட்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீங்க, கையில சாயா கொடுத்து அனுப்பாதீங்க.

மாத்திரையின் வேலை நேரத்துல பழக்கினதுதான் நிக்கும். வேலை செய்யாத நேரத்துல பழக்கினா ரெண்டு பேருக்கும் கோபம்தான் மிச்சம். எந்த நேரம்னு ஒரு வாரம் மணி போட்டு எழுதி வச்சு, மருத்துவர்கிட்ட காட்டுங்க. நீங்களா நேரத்தையோ அளவையோ மாத்தாதீங்க.

மார்த்தாண்டம் டிரைவிங் ஸ்கூல்

சிஸ்டர் சொன்ன ‘பேச்சுக் கொடுக்காதீங்க’ வண்டிக்கும் பொருந்தும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகும். பிரேக் பிடிக்க வேண்டிவரும்னு எதிர்பார்த்திருந்தா 0.7 நொடியில் கால் பிரேக்கில் இருக்கும், அதுக்குள்ள சுமார் 12 மீட்டர். எதிர்பார்க்காம ஆடு குறுக்கே வந்தா ஒன்றரை நொடி ஆகலாம், 25 மீட்டர். பிரேக் இன்னும் பிடிக்கத் தொடங்கவே இல்லை, கேட்டியளா. இந்த வித்தியாசம் முழுக்க ஆயத்தத்தில்தான் இருக்கு, காலின் வேகத்தில் இல்லை.

அதனால சந்தை, பள்ளிக்கூடம், கோயில் வளைவு வரும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்குக்கு மேல தொடாம நிறுத்தச் சொல்லிக் கொடுக்கிறோம். கால் மாற்றுகிற நேரம் மிச்சம், தீர்மானமும் பாதி ஆயிடும். தொட்டுக்கிட்டே ஓட்டினா பிரேக் லைட் எரிஞ்சே இருக்கும், பின்னால வர்றவன் அதை நம்பமாட்டான். பைக்கில் ரெண்டு விரல் முன்பிரேக் நெம்புகோலில், மத்த விரல் பிடியில்.

பழகுறவங்க பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிக்கிறது பெரும்பாலும் பின்னோக்கி எடுக்கும்போது. உடம்பு திரும்பினதில் இடுப்பு நகரும், குதிகால் இடம் மாறும், ஆனா மூளை பழைய இடத்தை வச்சே காலை அனுப்பும். திரும்பிப் பார்த்து உட்கார்ந்தபிறகு, வண்டி அசையுமுன்ன, ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பார்த்துட்டு எடுக்கச் சொல்லணும்.

பாறசாலை மாணவன்

தெரபிஸ்ட் சேச்சி, கண்ணாடிப் பயிற்சி வீட்டில் செய்யலாமா? அம்மாமைக்கு இடது கை வரலை.

களியக்காவிளை தெரபிஸ்ட்

செய்யலாம், முதல் இரண்டு முறை ஒரு தெரபிஸ்ட் பார்க்கட்டும். வி. எஸ். ராமச்சந்திரன் கை இழந்தவர்களின் மாயவலிக்கு (இல்லாத கையில் தோன்றும் வலி) கொண்டுவந்த முறை, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. பாதிக்காத கையின் பிம்பம் அடுத்த கை இருக்கும் இடத்தில் தெரியும்போது, அந்தக் கையை அசைக்கும் ஆயத்தமும் மூளையில் கிளம்புகிறது. முழங்கையிலிருந்து விரல்வரை முழுசாகத் தெரியும் அளவுக்குக் கண்ணாடி வேண்டும், ஒன்றரை அடிக்குக் குறையாமல். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஆகாது. உடம்பின் நடுக்கோட்டில், பளபளப்பு வலது கைப்பக்கம் இருக்கும்படி செங்குத்தாக நிறுத்துங்கள், ஓரத்தில் துணி நாடா ஒட்டுங்கள். இடது கை கண்ணாடிக்குப் பின்னால் முழுசாக மறைய வேண்டும். வலது கையிலிருந்து வளையல், மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிம்பம் இடது கையாகத் தோன்றாது.

விரல் மடக்கி நீட்டுவது, மணிக்கட்டு மேல் கீழ், உள்ளங்கை திருப்புவது. மெதுவாக. பின்னால் இருக்கும் கையாலும் அதையே செய்ய முயலச் சொல்லுங்கள், அசையாவிட்டாலும் பரவாயில்லை. ஆய்வுகளில் வழக்கமாகத் தினம் அரைமணி, வாரம் 5 நாள், 4 வாரம். அம்மாமைக்குப் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளலாம். தலைசுற்றல், குமட்டல் வந்தால் துணியால் கண்ணாடியை மூடிவிட்டு அன்றைக்கு விட்டுவிடுங்கள். இடது கை பாதித்தவர்களில் சிலர் இடப்பக்கத்தையே கவனிக்க மாட்டார்கள், சாப்பாட்டு இலையில் இடப்பாதி அப்படியே கிடக்கும். அம்மாமைக்கு அப்படி இருந்தால் கண்ணாடிப் பயிற்சி தொடங்கும் முன்பே அதைத் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள், பயிற்சி வேறு மாதிரி தொடங்க வேண்டும்.